குதிகால் இருந்த பக்கம்

...அதைத்தான் சொல்றேன் டீச்சரம்மா, ஒரு தாளை அச்சடிச்சா அது முழுசா ஊருக்கு வந்து சேரணுமா இல்லியா? பாதி வந்து பாதி வராட்டி அது என்ன தாளு? மேல கொட்டை எழுத்துல ‘மேசோடு பின்னும் முறை’ன்னு போட்டிருக்கு. கால்ல மாட்டுற மேசோடு. முழங்காலுக்குக் கீழ ஆரம்பிச்சு, கணுக்கால் வரைக்கும் அழகா சொல்லிக்கிட்டே வருது. ‘இனி குதிகால்’னு ஒரு வரி. அம்புட்டுதான். அடுத்த பக்கம் கெடையாது. ஓரமெல்லாம் கருகிக் கெடக்கு. எந்தப் பாவி கொளுத்துனாளோ, மனுசனோட குதிகாலையும் சேத்துல்ல கொளுத்திப்புட்டா.

நீங்க எந்திரிக்காதீங்க, அரிசியில கல்லு பொறுக்குங்க. நானும் ஒரு கை பொறுக்குறேன். ரேஷன் அரிசின்னு பேரு, கல்லுக்கு நடுவுல அரிசியைத் தேடணும். நான் பக்கத்து வீடு. இந்தா, செவத்துக்கு அங்கிட்டு. நீங்க ஆவூர்லேருந்து வந்து சாமான் எறக்குன அன்னைக்கே பாத்தேன், நாலு நாளாச்சு, வந்து பேசணும்னு பாத்து... நேரம் ஒழியலை. சின்னப்பிள்ளைன்னு கேட்டா இந்தத் திருக்கோகர்ணத்துல யாரும் சொல்லுவாங்க. நல்லபடியாவும் சொல்லுவாங்க, மத்தபடியும் சொல்லுவாங்க. உங்க காதுக்கு வரலியா? வரும், வரும்.

விசயம் என்னன்னா, எனக்கு நேரமில்ல. இன்னைக்கு புதன். வெள்ளிக்கெழம காலையில ரெங்கராஜ் ரயிலேறுறான். எம்மகன் மூக்கன் இருக்கிற பட்டாளத்துலதான் அவனும் இருக்கான், லீவுல வந்தான், திரும்பப் போறான். ஒரு சோடி மேசோடு குடுத்துவிட்டா நேரா அவன் கையில கொண்டுபோய்ச் சேத்துருவான். அங்க பனி கொட்டுதாம். எந்த ஊருன்னு எழுதுனா அதுமேல கறுப்பு மை பூசிடுறான் சர்க்காரு, ஆனா பனியை மட்டும் பூசலை, அதுக்கு என்ன சட்டமோ. ‘ஆத்தா, காலு மரத்துப்போயி இது என் காலா அடுத்தவன் காலான்னு தெரியலை’ன்னு எழுதியிருக்கான். பக்கத்துல படுத்திருந்த ஒருத்தனுக்கு ரெண்டு வெரலு கறுத்து, எடுத்துட்டாங்களாம். இதை மை பூசியிருக்கலாம். இதைப் பூசலை.

மூக்கன்ங்குற பேரைக் கேட்டுச் சிரிக்காதீங்க. அவனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு பொறந்துச்சு, தங்கலை. மூணாவதா இவன் விழுந்ததும் மூக்கைக் குத்தி வளையம் மாட்டி, மூக்கன்னு பேரு வச்சாச்சு. அப்படி வச்சா எமன் கண்ணுக்குப் படாதாம். அப்ப எனக்கு எழுத்துத் தெரியாது, நம்புனேன். இப்ப எழுத்துத் தெரியும், நம்புறதில்ல. அந்த வளையத்தை மட்டும் மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். சும்மாதான்.

எழுத்து எங்க கத்துக்கிட்டேன்னு கேளுங்க. பள்ளிக்கூடம் போகலை. நோட்டீசுல கத்துக்கிட்டேன். இங்க முக்குல வாசகசாலை இருக்குல்ல, அதுக்கு மண்ணு சொமந்ததே நாங்கதான். அங்க ஆத்மநாதன்னு ஒருத்தரு, கள்ளுக்கடை மறியல் நோட்டீசை வச்சு எனக்கு எழுத்துக் கூட்டிக் காட்டுனாரு. எல்லாரும் ‘அ’வுல ஆரம்பிப்பாங்க, நான் ‘ம’வுல ஆரம்பிச்சேன். மறியல். அப்பறம் வரி, அப்பறம் கதரு, அப்பறம் யுத்தம். பதினஞ்சு வருசத்துல நான் படிச்ச நோட்டீசை அடுக்குனா உங்க வீட்டு ஒயரம் வரும். அந்த ஆத்மநாதன் இப்ப மண்ணெண்ணெ டிப்போ எடுத்திருக்காரு. வரிசையில நிக்கிறப்ப என்னைப் பாத்தா கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பாரு. தொடைக்கட்டும். நான் வரிசையிலதான் நிக்கிறேன், டிப்போவுக்குள்ள நிக்கலை.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், நோட்டீசு. நோட்டீசுல படிச்சவளுக்கு வர்ற வெனை இருக்கே, அதை யாருகிட்ட சொல்றது. உங்க... அந்தத் தாள்ல அங்கங்க நச்சத்திரம் போட்டிருக்கு. ரெண்டு கண்ணி முன்னாடி குத்து, ரெண்டு கண்ணி பின்னாடி குத்துன்னு சொல்லிட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நச்சத்திரம். எங்க நோட்டீசுல நச்சத்திரம் எதுக்குப் போடுவோம்? அழகுக்கு. ஒரு பாராவுக்கும் அடுத்த பாராவுக்கும் நடுவுல வெறுமையா இருந்தா அச்சாபீசுக்காரன் மூணு நச்சத்திரத்தை வச்சு அடைப்பான். நான் என்ன கண்டேன்? அழகா இருக்குன்னு தாண்டிப் போயிட்டேன். ரெண்டு முன்னாடி, ரெண்டு பின்னாடி, ஒரே ஒருதரம். பாக்கி சுத்து முழுக்க நேரா பின்னிட்டேன். கடைசியில பாத்தா மேசோட்டு வாயி, ஒரு மூலையில மட்டும் இழுத்துப் புடிக்குது, மத்த பக்கமெல்லாம் தொளதொளன்னு தொங்குது. அந்த நச்சத்திரத்துக்குள்ள இருக்கிறதை திருப்பித் திருப்பி, சுத்து முடியிற வரைக்கும் பின்னணுமாம். அதை வார்த்தையில சொன்னா என்ன? எனக்குத் தெரிய மூணு மாசமாச்சு. ஒருத்தரும் சொல்லலை, அவுத்து அவுத்துப் பாத்து நானே கண்டுபுடிச்சேன்.

பின்னல் எங்க கத்துக்கிட்டேனா? ஜெயில்ல. பிரகதாம்பாள்னு ஒரு அம்மா, நல்ல எடத்துப் பொம்பளை, அவங்க மறியல்ல வந்தவங்க. வேப்பங்குச்சியை ஊசியாச் சீவி, முன்னாடி குத்துறதும் பின்னாடி குத்துறதும் கத்துக்குடுத்தாங்க. அதுக்குமேல கத்துக்குடுக்குறதுக்குள்ள அவங்க வீட்டுக்காரரு மன்னிப்பு எழுதிக் குடுத்து அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. என் பின்னல் படிப்பு அந்த ரெண்டு குத்தோட நின்னுச்சு. எனக்கு எழுதிக்குடுக்க ஆளு இல்ல. இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

எதுக்கு ஜெயிலா? அது... வர்றேன் அதுக்கு.

கம்பிக்குச் சைக்கிள் கடையில ஒரு ஒடஞ்ச கொடையை வாங்கி, அதோட கம்பி நாலை வெட்டி, மொனையை ராவித் தரச் சொன்னேன். நூலுக்கு? வீட்டுலதான் ராட்டை இருக்கே. நானே நூத்த கதர்நூலு, நாலு புரி முறுக்கி ஏத்துனேன். கம்பளி நூல்னுதான் தாள்ல இருக்கு. இருந்தா என்ன? என் மகன் சர்க்காரு சட்டை போட்டிருக்கான், சர்க்காரு பூட்ஸு போட்டிருக்கான், அதுக்கு நடுவுல ஒரு சாண் அளவாவது என் கதரு இருக்கட்டுமேன்னு ஒரு இது. திமிருதான். ஈரத்துல நனைஞ்ச கதரு பனியில என்ன பாடு படுத்தும்னு ரெங்கராஜ் இப்ப வந்து சொல்றான். கல்லைக் கட்டிவிட்ட மாதிரியாம்.

அளவு ஒரு கூத்து. காலோட நீளத்தை அளந்துக்கன்னு போட்டிருக்கு. காலு எங்க இருக்கு? கடலு தாண்டி இருக்கு. பழைய செருப்பு இருந்தா அளக்கலாம், எந்த ராசா வீட்டுப் புள்ளை செருப்பு போட்டுச்சு, பட்டாளத்துக்குப் போயித்தான் மொதமொதலா கால்ல தோலே ஏறுச்சு. ரோசனை பண்ணிப் பண்ணி... வாசகசாலைப் படி ஞாபகம் வந்துச்சு. அந்தப் படிக்குச் சிமிட்டி பூசுன அன்னைக்கு, ஈரம் காயிறதுக்குள்ள ஓடிவந்து மிதிச்சுப்புட்டான் பய. நல்லா அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு, இன்னைக்கும் பாக்கலாம். போயி கயித்தை வச்சு அளந்துட்டு வந்தேன். வர்றவன் போறவனெல்லாம் ‘என்ன சின்னப்பிள்ளை, படிக்கு மால போடப் போறியா’ன்னு கேட்டான். அளந்து, பின்னி, பொட்டலம் கட்டித் தபால்ல போட்டுட்டு வீட்டுக்கு வந்து உக்காந்தப்பறந்தான் உறைச்சுச்சு. அவன் அந்தப் படியை மிதிச்சப்ப அவனுக்கு வயசு பதினொண்ணு. இப்ப இருவத்திரெண்டு.

அவன் பதில் போட்டான் பாருங்க. ஒரு கொறை சொல்லலை. ‘ஆத்தா, நீ அனுப்பிச்ச உறை ரெண்டும் வந்துச்சு. ஒண்ணு தண்ணி பாட்டிலுக்குச் சரியா இருக்கு. இன்னொண்ணை இன்னொருத்தன் பாட்டிலுக்குக் குடுத்தேன். ரொம்ப ஒசத்தியா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க.’ அவன் அதை மேசோடுன்னே நெனைக்கலை! பாட்டிலுக்குத்தான் ஆத்தா பின்னி அனுப்பிச்சிருக்குன்னு நெனைச்சிருக்கான். குதிகாலு இல்லாத மேசோடு வேற எதுக்கு ஆகும், சொல்லுங்க? நேரா கொழாய் மாதிரி. அடியில கோணிச்சாக்கு வாயைக் கட்டுற மாதிரி சுருக்கிக் கட்டியிருந்தேன்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்பறம் ரெண்டு நாளு சோறு எறங்கலை.

அப்பறம் புத்தி வந்து, குன்றாண்டார்கோவில் பக்கம் கெடை போடுற மலையாண்டிகிட்டப் போயி ஆட்டு ரோமத்துல நூத்த நூலு வாங்கிட்டு வந்தேன். கம்பளி நெய்ய வச்சிருந்த கறுப்பு நூலு. முரடுதான், முள்ளு மாதிரி குத்தும், குத்துனாலும் குளிரு தாங்கும். அதுல ஆரம்பிச்சேன். நச்சத்திரம் இந்தத்தரம் தப்பலை. ஆனா கால்சதையிலேருந்து கணுக்காலுக்கு எறங்குறப்ப, ‘ஆறு வரிசைக்கு ஒருதரம் இரண்டு கண்ணி குறைக்கவும்’னு போட்டிருக்கு. எனக்குன்னா சுருக்குன்னு வந்துருச்சு. கொறைக்கணுமாம். கூலியைக் கொறைச்சாங்க, படியைக் கொறைச்சாங்க, இப்ப அரிசியைக் கொறைச்சிருக்காங்க, என் மகன் மேசோட்டுல ரெண்டு கண்ணியையும் கொறைக்கணுமா? முடியாதுன்னுட்டேன். யாருகிட்ட? தாளுகிட்டத்தான். ஒருத்தரு ‘செய்’னு எழுதிவச்சா நான் உடனே செஞ்சதா சரித்திரமே இல்லம்மா. பின்னிக்கிட்டே போறேன், கணுக்காலு வருது, மேசோடு தலகாணி உறை மாதிரி வந்து நிக்குது. ரெங்கராஜ் வந்தப்ப அவனை மாட்டச் சொன்னேன், அவன் ரெண்டு காலையும் ஒரே மேசோட்டுக்குள்ள விட்டுட்டு ‘இன்னொண்ணு யாருக்கு’ங்குறான். அவனும் எங்களோட கெடந்து வளந்த பயதான், வாயி அப்படி.

அவுத்தேன். இதுவரைக்கும் பதினோருதரம் அவுத்திருக்கேன். இப்ப கொறைக்க வேண்டிய எடத்துல கொறைச்சு, கணுக்கால் வரைக்கும் ரெண்டு மேசோடும் சுத்தமா வந்திருக்கு. அளவும் சரியா இருக்கு, ரெங்கராஜ் பூட்ஸை மூக்கன் மாத்திப் போட்டுக்குவானாம், அதனால ரெங்கராஜ் காலைக் காகிதத்துல வச்சுக் கரியால கோடு போட்டு எடுத்துக்கிட்டேன். இந்தா, மடியிலதான் வச்சிருக்கேன், பாருங்க. தொட்டுப் பாருங்க. குத்துதா? குத்தும்.

குதிகால் மட்டுந்தான் பாக்கி. நானா மடிச்சு மடிச்சுத் தச்சுப் பாத்தேன், காளைமாட்டுத் திமிலு மாதிரி பொடைச்சுக்கிட்டு நிக்குது. இதைப் போட்டுக்கிட்டு ஒரு மைலு நடந்தா கொப்புளிச்சிரும், அதுக்கு வெறுங்காலே மேலுன்னு ரெங்கராஜ் சொல்லிப்புட்டான். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், அவன் நடந்தவன்.

அதான்... அந்த அடுத்த பக்கம் இருந்தா... மூணாம் பக்கம்...

நீங்க ஒண்ணும் கேக்கமாட்டேங்குறீங்க. கேட்டா சொல்லிருவேன். பேசாம மொறத்தைப் பாத்துக்கிட்டிருந்தா நான் எங்கிட்டு ஆரம்பிக்கிறது?

சரி. அந்தத் தாளு எங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். என் வீட்டுச் செவத்துல இருந்துச்சு. கஞ்சி போட்டு ஒட்டி வச்சிருந்தேன், ரெண்டு வருசமா. மொதப் பக்கம் வெளியில தெரிய, ரெண்டாம் பக்கம் செவத்தைப் பாத்து. மூக்கன் கடுதாசி வந்தப்பறம் ஈரத்துணி வச்சு ஊறவச்சு உரிச்சேன், பாதிச் சுண்ணாம்பும் சேந்து வந்துருச்சு. எதுக்கு ஒட்டி வச்சிருந்தேன்னா... பெருமைக்கு. வீட்டுக்கு வர்ற ஆளுககிட்டக் காட்டுறதுக்கு.

யுத்தத்துக்கு மேசோடு பின்னித்தரச் சொல்லி யுத்தக் கமிட்டியில உல்லன் நூலும் தாளும் குடுக்க வந்தாங்க பாருங்க, நாப்பத்திரெண்டுல, மாசி மாசம். யாருக்கோ யாரோ போடுற சண்டைக்கு எங்க ஊருப் பொம்பளைங்க எதுக்குப் பின்னணும்னு நாங்க கெளம்புனோம். ‘யுத்தத்துக்கு ஒரு இழை தரமாட்டோம்.’ அந்த கோஷம் நான் கட்டுனது. தாளுக் கட்டு வண்டியில வந்து எறங்குச்சு. எரநூறு. கட்டைக்கூடப் பிரிக்கலை. நாந்தான் எண்ணெய ஊத்துனேன், நாந்தான் நெருப்பு வச்சேன். வேற எந்தப் பாவியும் இல்ல, நாந்தான். காத்து தூக்கி அடிச்சதுல ஒரு பாதித்தாளு பறந்துவந்து என் தோள்ல விழுந்துச்சு, ஓரம் எரிஞ்சுக்கிட்டே. கையால கசக்கி அணைச்சேன். அதான் செவத்துல இருந்தது.

கோர்ட்டுல ‘செய்ததுக்கு வருத்தப்படுகிறாயா’ன்னு கேட்டாங்க. ‘எரநூறுதான் இருந்துச்சேன்னு வருத்தமா இருக்கு’ன்னு சொன்னேன். கோர்ட்டே சிரிச்சுச்சு. ஆறு மாசம் போட்டாங்க. அந்தப் பதிலை இன்னமும் ஊர்ல சொல்லிக்கிட்டிருக்காங்க.

நான் உள்ள இருந்த அஞ்சாவது மாசம்தான் மூக்கன் பட்டாளத்துல சேந்தான். அவங்கப்பன் அப்பவே போயாச்சு, ஆத்தா ஜெயில்ல, ஜெயிலுக்குப் போனவ மகனுக்கு எவன் வேலை குடுப்பான்? வெளியில வந்து கேட்டப்ப, எனக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தான். ‘பட்டாளத்துல மூணு வேளை சோறு ஆத்தா.’ அதுக்கு நான் என்ன கோஷம் போடுறது?

மன்னிப்பு எழுதிக்குடுத்திருந்தா ரெண்டு மாசத்துல வந்திருப்பேன். அவன் கெளம்புறதுக்கு முன்னாடி. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. கல்லு பொறுக்குற சாக்குல வாயில வந்துருச்சு.

இன்னொண்ணும் இருக்கு. அந்தத் தாள்ல, கொட்டை எழுத்துக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு பேரு. ‘தமிழில் எழுதியவர்: ஆவூர் ஆசிரியை சவேரியம்மாள்.’ ரெண்டு வருசமா அந்தப் பேரைச் செவத்துல பாத்துக்கிட்டிருக்கேன். நாலு நாளைக்கு முன்னாடி வண்டிக்காரன் வந்து, சவேரியம்மா டீச்சருக்குப் பாத்த வீடு எதுன்னு என்னையவே கேட்டான். கையில இருந்த கொடம் நழுவிருச்சு. அந்த நசுங்கல் இன்னும் இருக்கு. வழியைக் காட்டிவிட்டுட்டு வீட்டுக்குள்ள போயிட்டேன். அதான் ஒழியலைன்னு சொன்னேன்ல, ஒழிஞ்சுதான் இருந்துச்சு. நாலு நாளும் சும்மாதான் உக்காந்திருந்தேன்.

நீங்க ஒக்காந்து, ஒவ்வொரு வரியா ரோசிச்சு எழுதுனதுதானே அது. ‘கண்ணி’ன்னு எழுதலாமா ‘முடிச்சு’ன்னு எழுதலாமான்னு ரோசிச்சிருப்பீங்க. நானும் நோட்டீசு எழுதுனவதான், எனக்குத் தெரியும். படிக்காம கொளுத்திட்டேன். கொளுத்துனப்பறம் ரெண்டு வருசம் கழிச்சுப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, அந்த நச்சத்திரத்தைத் தவிர...

எங்க எந்திரிச்சிட்டீங்க? டீச்சரம்மா? இல்ல, நான் இன்னும்...

உள்ள போயிட்டாங்க.

சரிதான். நானா இருந்தா மொறத்தையும் சேத்து எறிஞ்சிட்டுப் போயிருப்பேன். இவங்க எறியலை, படிச்சவங்க. ...இந்தா, உள்ள கேக்குதா? பாக்கி அரிசியையும் பொறுக்கி வச்சிட்டுப் போறேன். வெறுங்கையாப் போனேன்னு இருக்கவேணாம். கொளுத்துனதை நான் ஒண்ணும் தப்புன்னு சொல்லலை, அந்த யுத்தம் தப்புத்தான், இன்னைக்கும் தப்புத்தான், அதுல எனக்கு ரெண்டு பேச்சில்ல. குதிகால் மட்டும் வேற கணக்கு. அதை நான் அப்ப பாக்கலை... இம்புட்டுக் கல்லையும் வச்சுச் செவுரே கட்டலாம் போல இருக்கு... வெள்ளிக்கெழமைக்கு இந்தக் கொழாயையே குடுத்துவிடுறேன், இன்னும் ரெண்டு பாட்டிலுக்கு ஆகும்...

வந்துட்டீங்களா? நான் போயிட்டீங்கன்னு... என்ன இது? கம்பி. நல்ல ஊசி, வழவழன்னு இருக்கு. வெள்ளை நூலு. இது எதுக்கு, குதிகாலுக்கா? தாளு? தாளு எங்கம்மா?

ஒண்ணுகூடவா இல்ல? உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சுக்கலியா? கட்டோட குடுத்திட்டீங்களா? கையெழுத்துப் பிரதியும் அச்சாபீசுலயே போச்சா?

அப்ப எரநூறும் எரநூறுதான். நான் செய்யிற வேலை அரைகொறையா இருக்காதும்மா, ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

தாளு இல்லாம எப்படி... வாயால சொல்லுவீங்களா? அச்சுல இல்லாத எதையும் நான் இதுவரைக்கும் நம்புனதில்ல, பரவாயில்ல, சொல்லுங்க. மொறத்தை இங்கிட்டுத் தள்ளிக்கிறேன். பாதிக் கண்ணியை ரெண்டு கம்பியில ஒதுக்கி வச்சிரணும். சரி. இந்தப் பக்கத்துப் பாதியை மட்டும் போகவும் வரவும் பின்னிக்கிட்டு வரணும். ஓ, அப்படியா சங்கதி. சுத்திச் சுத்தியே வந்தா குதிகாலு எங்கிட்டு வரும்... ரெண்டு அங்குலம் ஆச்சு. அப்பறம் நடுவுல போயித் திருப்பிட்டு...

என்ன நிறுத்திட்டீங்க? ஏன் என் மொகத்தைப் பாக்குறீங்க?

தெரியுது, தெரியுது. அந்த எடம் வந்துருச்சு. சொல்லுங்கம்மா. எத்தனை கண்ணி கொறைக்கணும்?